ரேடியோவுக்கு ஆறு, ஃபேனுக்கு ஆறு

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் தன் காரைத் தானே ஓட்டுவது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறவர் அவர்தான். ஸ்டியரிங் அவர் கையில். பிரேக்கும் கிளட்சும் அவர் காலடியில். ஆனால் பக்கத்து சீட்டில் வீட்டம்மா வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். வண்டி ஓடுவது பெட்ரோலில் பாதி, அவள் வாயில் பாதி.

"பிரேக் போடுங்க."

"போட்டாச்சு."

"இன்னும் போடுங்க. முன்னால லாரி."

"லாரி போயிட்டுத்தானே இருக்கு?"

"நின்னுட்டு இருக்கு."

"சரி, நின்னுட்டு இருக்கு. அதுக்கு என்ன இப்போ?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நமக்குத்தான்."

ஞாயிறுதோறும் ஊரின் மறுகோடியில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய் வருவது வழக்கம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அந்த ஊரின் பள்ளம், மேடு, சைக்கிள், சந்து அத்தனையையும் வீட்டம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். போன வாரம் ஓர் ஆள் வழிவிடாமல் நின்றான் என்று கண்ணாடிக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

"அது தபால் பெட்டிங்க" என்றாள் வீட்டம்மா.

அப்படியானால் அவருக்குக் கண் தெரியாதா என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வருகிற வாடிக்கையாளரிடம் தன் முகத்தைத்தான் முதலில் காட்டுவார்.

"என்னைப் பாருங்க. இந்த வயசுலயும் வெறுங்கண்ணு. கண்ணோட சூட்சுமம் தெரிஞ்சவன்கிட்ட வந்திருக்கீங்க. கவலையே படாதீங்க."

அவர் வியாபாரத்துக்கே அதுதான் அஸ்திவாரம். ஊரில் எல்லாருடைய பவரும் அவருக்குத் தெரியும். அவருடைய பவர் எவ்வளவு என்பது வீட்டம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"கண்ணாடி விக்கிறவர், தனக்குக் கண்ணாடி வேண்டாம்னு பெருமையடிக்கிற கடை உலகத்துல உங்களுது ஒண்ணுதான்" என்பாள் அவள். ஒருநாள் கடைக்கே வந்து சோதனை அட்டையைச் சுவரில் மாட்டி, "படிங்க பாப்போம்" என்றாள். பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை தங்குதடையில்லாமல் படித்தார்.

"போதுமா?"

"போதும்."

அட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போதைய கதை ரேடியோ. பல் துலக்கும்போது அவருக்குத் தோன்றிய வழி அதுதான். காரில் ரேடியோ பாடினால் வீட்டம்மாவின் பேச்சு அதில் அமுங்கிப்போகும். வாயை மூடு என்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அவருக்காக அதை ரேடியோ சொல்லட்டும். தவிர, கால்பந்துப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. இறுதி ஆட்டமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா வீட்டிலும் ரேடியோ உண்டு. ஆனால் அங்கே சகலை, வர்ணனை சொல்பவரைவிட அதிகமாகப் பேசுவார்.

காரில் ரேடியோ இல்லாமல் இல்லை. இருந்தது. பேசவில்லை, அவ்வளவுதான்.

கார் அவருடைய அப்பா காலத்து வண்டி. பிறவியிலேயே ஆறு வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டால், எரிகிறதா என்று இறங்கிப்போய்ப் பார்க்கவேண்டும். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தால் "ம்ம்... ம்ம்..." என்று முனகும், பிறகு தூங்கிவிடும். போன வருஷம்தான் பாட்டரிக்காரர் அதைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். பாட்டரி, டைனமோ, பல்புகள் எல்லாம் புதிது. வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. ஹாரன் மட்டும் பழையது. ஆறு வோல்ட்டுக்குப் பிறந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. லேசாகத் தொட்டாலே தெருவில் போகிறவர்கள் செய்த பாவத்தையெல்லாம் நினைத்துக்கொள்வார்கள். "அடிக்கிறது ஒரு நொடி, ரெண்டு நொடி. ஒண்ணும் ஆகாது சார்" என்று பாட்டரிக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

விடாமல் ஓடவேண்டிய சாமான் இரண்டை மட்டும் ஒயரைப் பிடுங்கி வைத்தார். ஒன்று, நடுவில் இருந்த வால்வு ரேடியோ. மற்றது, பக்கத்து சீட்டுக்கு நேர் எதிரே இருந்த உள்ளங்கை அகல ஃபேன். இரண்டும் ஆறு வோல்ட்.

அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகிற வழியிலேயே கண்ணாடிக்காரர் பாட்டரிக் கடையில் வண்டியை நிறுத்தினார். நீளமான தகரக் கொட்டகை. உள்ளே சார்ஜ் ஏறுகிற பாட்டரிகள் வரிசையாக நின்று குமிழிவிட்டுக்கொண்டிருந்தன.

"ரேடியோவுக்கு ஒயரைக் குடுத்துடுங்க. பேசட்டும்" என்றார்.

"பன்னெண்டு வோல்ட்டை நேராக் குடுத்தா ஒரு பாட்டுக் கேக்கலாம் சார்" என்றார் பாட்டரிக்காரர். "கடைசிப் பாட்டு."

"வேற வழியே இல்லையா?"

பாட்டரிக்காரர் ஏனோ அண்ணாந்து மேலே பார்த்தார். கடவுளைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். கேட்கட்டும் என்று பானட்டைத் திறக்கப் போனார். அது எப்போதும் மக்கர் பண்ணும். அதனோடு மல்லுக்கட்டித் திறந்து நிமிர்ந்தபோது, வீட்டம்மா கடை மேஜையருகே நின்று பாட்டரிக்காரரிடம் ஏதோ பேசி முடித்திருந்தாள். மேஜைமேல் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

பாட்டரிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு வழி இருக்கு சார். ரேடியோ ஆறு, ஃபேன் ஆறு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட் இழுக்கும். பாட்டரியிலேர்ந்து முதல்ல ஃபேனுக்குப் போய், ஃபேன்லேர்ந்து ரேடியோவுக்குப் போற மாதிரி வரிசையாக் கோத்துட்டா, பன்னெண்டை ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டுக்கும். ரேடியோவுக்கு ஆறு, ஃபேனுக்கு ஆறு. ஆனா ரெண்டும் சேந்துதான் ஓடணும். ஒண்ணு நின்னா மத்ததும் நிக்கும்."

கண்ணாடிக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ரேடியோ அவருக்கு, காற்று வீட்டம்மாவுக்கு. பழியே வராது. காரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "உனக்காகத்தான் ஃபேனைப் போடச் சொல்லியிருக்கேன். வெயில்ல கஷ்டப்படுறியே."

"என்மேல உங்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை!" என்றாள் வீட்டம்மா.

பாட்டரிக்காரர் ஃபேனின் அடியில் ரப்பர் வைத்து வண்டியின் உடம்பில் படாமல் திருகினார், ஒயரைக் கோத்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார். சரிபாதி. கடைசியாக ஒன்று சொன்னார். "ஓடுற ஃபேனை மட்டும் எதையாவது வச்சுத் தடுத்துடாதீங்க. சுத்தாத ஃபேன் தன் பங்கைத் தாங்காது. மொத்தமும் ரேடியோ தலையில விழும். வால்வு போச்சுன்னா இப்பல்லாம் கிடைக்காது."

கண்ணாடிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. ரேடியோவின் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா மட்டும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

அன்றைய பயணம் சொர்க்கம். ரேடியோ பாடியது, செய்தி படித்தது, வானிலை சொன்னது. பக்கத்து சீட்டில் உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. இரண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினார். பாட்டோடு பார்த்தால் அதுவும் தாளம் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது வாசல் கதவோரம் கால் கட்டைவிரலில் ஏதோ இடித்தது.

"ஐயோ! யாரு இங்க செங்கலை வச்சது?"

"நான்தான். கதவு காத்துல படார் படார்னு அடிச்சுக்குது."

"அதுக்குச் செங்கல்தான் கிடைச்சுதா?"

"கையில கிடைச்சதை வச்சேன். பாத்து நடந்தா ஏன் இடிக்குது?"

பாத்து என்ற சொல்லுக்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க அவர் விரும்பவில்லை. நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு, அரையிறுதி ஆட்டம். பந்து கோலுக்குப் பக்கத்தில் போய்விட்டது. வர்ணனை சொல்கிறவர் மூச்சுப் பிடித்துக்கொண்டு, "இதோ, இதோ..." என்றார். அத்தோடு ரேடியோ செத்துப்போனது. அந்த அமைதியில் வீட்டம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"முன்னால ஸ்கூல் பஸ்."

பிரேக் போட்டார். நிஜமாகவே பஸ், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா போகிற பிள்ளைகளோடு. மஞ்சள் சுவர் என்று நினைத்திருந்தார், அதை வாய்தவறிச் சொல்லியும்விட்டார்.

"ரேடியோவுக்கு என்ன ஆச்சு?"

"தெரியலையே. எனக்குக் குளிரிச்சு. ஃபேனை நிறுத்தினேன்."

"போடு, போடு!"

போட்டாள். வால்வு ரேடியோ. சூடாகி வாய் திறக்க ஒரு நீளக் கொட்டாவி நேரம் பிடிக்கும். அது வாய் திறந்தபோது கோல் விழுந்து, கொண்டாட்டமும் முடிந்திருந்தது. அடுத்த திருப்பத்தில் அவளுக்கு மறுபடி குளிர்ந்தது. லெவல் கிராசிங்கில் குளிர்ந்தது. சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது பயங்கரமாகக் குளிர்ந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாரு. நீ ஃபேனை நிறுத்துனா என் ரேடியோ போகும். நான் ரேடியோவை நிறுத்துனா உன் காத்தும் போயிடும். ஞாபகம் வச்சுக்கோ."

"போகட்டும். நான் பேப்பரை மடிச்சு வீசிக்குவேன். நீங்க பேப்பரை மடிச்சு மேட்ச் கேப்பீங்களா?"

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் அவர் யோசித்தார். நடந்தார். நடந்ததில் செங்கலை இன்னொரு தடவை உதைத்தார். வலி தெளிவைக் கொடுத்தது. கோளாறு ஃபேனில் இல்லை, ஃபேனின் சுவிட்ச்சில் இருக்கிறது. அது அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. சுவிட்ச்சின் இரண்டு முனையையும் ஓர் ஒயரால் முடிந்துவிட்டால், அவள் தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஃபேன் ஓடும். அப்புறம் ரேடியோவின் குமிழ்தான் ராஜா. குமிழ் அவர் பக்கத்தில்.

வீட்டம்மா கடைத்தெருவுக்குப் போன சமயம் பார்த்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, பார்ப்பதைவிடத் தடவுவதை நம்பி, முடிச்சைப் போட்டார். தலை வெளியே வந்தபோது மூக்கில் கிரீஸ். முகத்தில் வெற்றி.

இறுதி ஆட்டத்தன்று அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அவர் கை கழுவிய ஈரத்தோடு காரில் ஏறிவிட்டார். சகலை வர்ணனையை ஆரம்பித்தது வாசல் வரை கேட்டது. வீட்டம்மா அக்காவிடம் விடைபெற்று, பாதியில் விட்டு, மறுபடி விடைபெற்று வந்து சேர்வதற்குள் முதல் பாதி ஆட்டம் போய்விட்டது. இரு பக்கமும் கோல் இல்லை. இனிமேல்தான் எல்லாம்.

வண்டி புறப்பட்டது. ரேடியோ பேசியது. ஃபேன் சுற்றியது. பெரிய சாலைக்கு வந்ததும் வீட்டம்மா சுவிட்ச்சைத் தட்டினாள். ஃபேன் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். அது பாட்டுக்குச் சுற்றியது.

"என்னங்க, இது நிக்கமாட்டேங்குது?"

"சுவிட்ச் கெட்டுப்போச்சு போல."

"போன வாரம் நல்லா இருந்துச்சே?"

"பழைய சாமான்தானே. எப்ப வேணாலும் போகும்."

"ஓஹோ" என்றாள் வீட்டம்மா. பிறகு முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். நன்றாக நான்காக மடித்தாள். அது எப்படியோ கை நழுவி ஃபேனுக்குள் விழுந்தது.

ஃபேன் "கர்ர்" என்று நின்றது. ரேடியோ நிற்கவில்லை. உரக்கப் பேசியது. பிறகு கூச்சல் போட்டது. வர்ணனை சொல்கிறவர் காருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து காதில் கத்துவது போலிருந்தது. கூடவே சூடான வார்னிஷ் வாசனை வந்தது.

"எடு! எடு! வால்வு போயிடும்!"

"என்னது? கேக்கலையே. சத்தமா இருக்கு."

கண்ணாடிக்காரர் பாய்ந்து குமிழைத் திருகி ரேடியோவை அணைத்தார். ஓரமாக வண்டியை நிறுத்தினார். வீட்டம்மா கைக்குட்டையைப் பதமாக உருவி, உதறி, மறுபடி நான்காக மடித்து, ஃபேனுக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டாள்.

"வேணும்னே பண்றே!"

"வேணும்னுதான் பண்றேன். நீங்க அன்னைக்கு மஞ்சள் சுவருன்னு நினைச்சீங்களே, அதுக்குள்ள முப்பது, நாப்பது பிள்ளைங்க இருந்துச்சு. நான் நாள் பூரா பேசிட்டே வரணும்னு ஆசைப்பட்டா வர்றேன்? எனக்கும் தொண்டை வலிக்குதுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா பையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. ஒருநாள் கடையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, தன் கண்ணைத் தானே சோதித்து, தனக்குத் தானே செய்துகொண்ட கண்ணாடி அது. போட்டுப் பார்க்கப் பயந்து மேஜையின் அடி இழுப்பறையில் பழைய ஃபிரேம்களுக்குக் கீழே புதைத்து வைத்திருந்தார்.

"இது எப்படி உன்கிட்ட?"

"இழுப்பறையைத் துடைச்சேன். நீங்க எங்க ஒளிச்சு வச்சாலும் என் கண்ணுக்குத் தெரியும். போட்டுக்கோங்க."

"கடையில யாராவது பாத்தா?"

"கடையில போடச் சொல்லலை. கார்ல போடுங்க. நீங்க போட்டா நான் பேசமாட்டேன். கைக்குட்டையும் பைக்குள்ள போயிடும். இல்லேன்னா..." கைக்குட்டை ஃபேனை நோக்கி விரல் அளவு நகர்ந்தது. "அங்க ரெண்டாவது பாதி ஓடிட்டிருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

சாலைக்கு ஓரம் என்று ஒன்று இருந்தது. மரங்களுக்கு இலைகள் தனித்தனியாக இருந்தன. எதிரே வந்த லாரிக்கு நம்பர் இருந்தது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மாவின் காதோரம் நன்றாக நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் தன் குட்டுதான் வெளிப்படும் என்று வண்டியைக் கிளப்பினார்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவசியமும் வரவில்லை. ஆட்டம் முடிகிற சமயத்தில் கோல் விழுந்தது. அதை அவர் முழுசாகக் கேட்டார். விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தோற்றுப்போனது மாதிரியே இருந்தது. ரேடியோவைத் தனியாக ஓட்ட ஒரு வழி மட்டும் கிடைத்தால், இந்தக் கைக்குட்டை மிரட்டலுக்கெல்லாம் பயப்படவேண்டியதில்லை.

பாட்டரிக் கடை வந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. "ஃபேன் சிக்கிச்சு, ஒருதரம் பாத்துடட்டும்" என்று இறங்கினார். வீட்டம்மா இறங்கவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாட்டரிக்காரரைக் கூப்பிட்டார். அவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி போட்ட முகத்தைப் பார்த்ததும் பாட்டரிக்காரரின் கண் தன்னையறியாமல் அண்ணாந்து மேலே போனது. கண்ணாடிக்காரரும் கூடவே அண்ணாந்தார்.

மேலே கடவுள் இல்லை. பலகை இருந்தது. கட்டை எழுத்தில், வெள்ளைப் பெயின்ட்டில்:

'ஆறு வோல்ட் ரேடியோ, கடிகாரம் முதலியவற்றைப் பன்னிரண்டு வோல்ட்டில் தனியாக ஓட்டும் பெட்டி இங்கே கிடைக்கும்.'

இரண்டு தடவை படித்தார். இந்த அட்டையை அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

"இது எப்ப வச்சீங்க?"

"கடை வச்ச அன்னைக்கு வச்சது சார். நீங்க எப்பவும் இதுக்கு நேர் கீழதான் நிப்பீங்க."

"அன்னைக்கு வேற வழி இல்லையான்னு கேட்டேனே! சொல்லியிருக்கலாமே?"

பாட்டரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மாதான் சொன்னாங்க சார். 'பலகை அவர் கண்ணுல பட்டுதுன்னா தாராளமாச் சொல்லிடுங்க. படலேன்னா நீங்களா சொல்லாதீங்க'ன்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது."

"இப்பப் பட்டுடுச்சு. ஒரு பெட்டி எடுங்க."

"இல்லையே சார். இருந்தது ஒண்ணே ஒண்ணு. அம்மா அன்னைக்கே வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. இவ்வளவு நீளம், இவ்வளவு உயரம், சிவப்புப் பெயின்ட் அடிச்சது. நல்ல கனம். வீட்ல பாக்கலையா நீங்க?"

கண்ணாடிக்காரர் வந்து காரில் ஏறினார். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

"என்னங்க, பேச்சையே காணோம்?" என்றாள் வீட்டம்மா.

"ஒண்ணுமில்ல."

வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்ற மறந்து படியேறினார். வாசல் கதவைத் திறந்தார். கால் தானாகவே ஒதுங்கியது. குனிந்து பார்த்தார்.

செங்கலுக்கு ஒயர் இருந்தது.